பழைய பிக்கப்பில் டீசல் எங்கே போகிறது? தேடிப் பிடிக்கும் வழி

என் வண்டி 2009 மாடல். 2523 சிசி டிஐ டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப். பலா சீசனில் பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் பழம் ஏற்றுவேன். மற்ற மாதங்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி, ஐஸ். லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஒரு வருடத்தில் ஒன்பதரைக்கு இறங்கியது. எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். நேராக நோசில் கடைக்குப் போய், இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாலு நோசிலையும் மாற்றினேன். ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. மைலேஜ் 9.45-இலிருந்து 9.6 ஆனது.

பிறகு ஒருநாள் செம்மண்டலம் பக்கம் பஞ்சர் ஒட்டப் போனபோது, கடைப் பையன் காலி வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னாண்ணே, ஹேண்ட் பிரேக்க எடுக்கலையா?" எடுத்துத்தான் வைத்திருந்தேன்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. பழைய வண்டியில் மைலேஜைக் கூட்டுவது என்று ஒன்று கிடையாது. புதிதாக இருந்தபோது கொடுத்ததில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது, எங்கே போகிறது என்று தேடி அடைப்பதுதான் வேலை. காசு செலவில்லாத இடத்தில் ஆரம்பித்து, காசு கேட்கும் இடத்தில் முடியுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

முதலில் ஒரு நோட்டு

"டீசல் ரொம்பக் குடிக்குது" என்பது கணக்கில்லை. டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் ஒன்றே கணக்கு. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். துப்பாக்கி முதல் தடவை தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரவுண்டு தொகைக்காக மேலே மேலே சொட்டவிட்டால் கணக்கு போச்சு. கி.மீ. எழுதிக்கொண்டு வழக்கம்போல ஓட்டுங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில் அதேபோல நிரப்புங்கள். என் முதல் கணக்கு: 412 கி.மீ., 43.6 லிட்டர், 9.45.

ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று டேங்க் எழுதுங்கள். பக்கத்திலேயே லோடு என்ன, எந்த வழி, காற்று எப்படி என்றும் ஒரு வரி. ஆடி மாதம் பண்ருட்டி நோக்கி மேற்கே போகும்போது எதிர்க்காற்று தார்ப்பாயைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது காலிப் பிக்கப் எந்த மூலைக்கு? அந்த வார மைலேஜை மாசி மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.

ஸ்பீடோமீட்டரையும் சோதியுங்கள். கைபேசி மேப்பில் 20 கி.மீ. ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். வண்டி 20 ஓடியிருக்கும், நோட்டில் 19 என்று ஏறும். இல்லாத வியாதிக்கு மருந்து தேடுவீர்கள்.

தள்ளிப் பாருங்கள்

இதுதான் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு முக்கியமான படி. கடலோரம் என்பதால் உப்புக் காற்று ஒரு பக்கம், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மறு பக்கம். அந்தத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கிப் பின் டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் பைப் எல்லாவற்றிலும் சொட்டுகிறது. கேபிள் துருப்பிடித்து உறைக்குள் சிக்கிக்கொள்ளும். லீவரை இறக்கினாலும் ஷூ டிரம்மை விட்டு முழுசாக விலகாது. முன்னால் டிஸ்க் இருந்தால், பேடை அழுத்தும் கேலிபர் எந்தக் கம்பியில் நகர்கிறதோ அந்த 'பின்' துருவேறி ஒரு பக்கப் பேடு உரசிக்கொண்டே ஓடும். இன்ஜின் பாவம், பிரேக்கோடு சண்டை போட்டுக்கொண்டே லோடு இழுக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிற நமக்கு "இழுவை குறைஞ்சுபோச்சு" என்று மட்டும்தான் தெரியும்.

சோதனை மூன்று விதம். ஒன்று, சிமெண்ட் தரை போட்ட சமதளத்தில் காலி வண்டியை நியூட்ரலில் வைத்துத் தள்ளுவது. இரண்டு பேர் தள்ளினால் அசைந்து, அசைந்த பிறகு சுலபமாக உருள வேண்டும். தள்ளுவதை விட்ட உடனே நின்றால் எங்கோ பிடிக்கிறது.

இரண்டாவது, பிரேக்கை அதிகம் தொடாமல் 15 கி.மீ. ஓட்டி நிறுத்திவிட்டு, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் அனலைப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் அடுப்பு மாதிரியும் இருந்தால் திருடன் கிடைத்துவிட்டான். என் வண்டியில் பின் இடது சக்கரம் அப்படி இருந்தது. பக்கத்தில் போனதுமே கருகிய வாடை.

மூன்றாவது, ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றுவது. பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். முன் சக்கரம் கையால் விட்டால் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். டிஸ்க்கில் 'ஸ்ஸ்' என்று லேசாக உரசுவது இயல்பு. பின் சக்கரம் கிரவுன், ஜாயிண்ட் எல்லாவற்றையும் சேர்த்துச் சுழற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். வலதையும் இடதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சுழலும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ஹப் பேரிங்கையும் பாருங்கள்.

எனக்கு ஆன செலவு: இரண்டு ஹேண்ட் பிரேக் கேபிள், டிரம்மைக் கழற்றித் துரு தேய்த்து ஷூ அட்ஜஸ்ட், முன் கேலிபர் 'பின்'னுக்கு பிரேக்குக்கென்றே விற்கிற கிரீஸ். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி ரப்பரையும் ஊதவைக்கும், அதைப் போட விடாதீர்கள். எல்லாம் சேர்த்து நோசிலுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அடுத்த டேங்க் 10.5.

எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம். எப்படியும் பெயிண்ட் அடிக்க நிறுத்துகிற அந்த நாளில் நாலு டிரம், டிஸ்க்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் லோடு அடித்த அன்றைக்கு வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். நல்ல தண்ணீரில். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற தெருவில் அதையே அடித்தால் கழுவியும் பயனில்லை.

டயர்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதவு ஓரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள காற்று அளவுதான் அளவு. காருக்குப் பிடிக்கிற 32, 35 லோடு வண்டிக்குப் போதாது. காலையில் வண்டி ஓடும் முன் அளக்க வேண்டும். சூடான டயரில் அளவு ஏறிக் காட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், விரலால் தடவும்போது ரம்பம் மாதிரி தட்டினால், அலைன்மென்ட் போயிருக்கிறது. டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம்.

இன்ஜின் சூடாகிறதா? சூடாக வேண்டும்

தலைப்பைப் பார்த்துச் சண்டைக்கு வராதீர்கள். நாலைந்து வருடம் முன்பு ஒரு சித்திரை மாதம் என் வண்டி ஹீட் ஆனது. அப்போது பார்த்த மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிட்டார். "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே? குளிர் நாட்டுக்காரன் வெச்சது" என்றார். ஹீட் நின்றது. நானும் அவரைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் எவ்வளவு அடித்தாலும் 40 சொச்சம் டிகிரி. இன்ஜின் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு ஏறத்தாழ 80-இலிருந்து 90 டிகிரி. வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் முதல் நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். முள் பாதிக்கு ஏறாது. குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுசாக எரியாது, ஆயிலும் கெட்டியாகவே நின்று உராய்வைக் கூட்டும். முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு மீன் இறக்குவது மாதிரிச் சின்னச் சின்ன நடை அடிக்கிற வண்டிக்கு இந்த நஷ்டம் இன்னும் அதிகம். இன்ஜின் சூடேறுவதற்குள் நடை முடிந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டை நுனியோ துண்டோ போகாமல் ஜாக்கிரதை. வால்வு நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிஷம் ஜில்லென்றே இருந்து, பிறகு ஒரேயடியாகச் சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சந்தேகம் வந்தால் இன்ஜின் ஆறிய பின் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். பல வால்வுகளின் மேலேயே திறக்கும் சூடு பொறித்திருக்கும், 82 என்பது போல. அந்தச் சூட்டை ஒட்டி மெல்லத் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும்.

புது வால்வு போட்டதும் பழைய ஹீட் திரும்பி வந்தால் குற்றவாளி ரேடியேட்டர். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. மேல் தட்டைப் பிரித்து ராடு விட்டபோது வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டியது. அதற்குப் பிறகு கூலன்ட் மட்டும்தான். ஃபேன் எந்நேரமும் விமானம் மாதிரி இரைந்தால் சூட்டுக்கேற்ப ஃபேனைப் பிடித்து விடுகிற விஸ்கஸ் கிளட்சும் சிக்கியிருக்கலாம். ஃபேன் சும்மா சுற்றுவதில்லை, டீசலில் சுற்றுகிறது.

காற்று

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் பம்புக்குக் கண் கிடையாது. காற்று குறைந்தாலும் மிதித்த அளவுக்கு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எரியாதது கறுப்புப் புகையாகப் போகும். அதனால் பழைய டீசல் வண்டிக்கு ஏர் ஃபில்டர் முக்கியம். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் சாம்பல் லாரிக்குப் பின்னாலேயே ஓடுகிறவர்கள் கையேட்டில் போட்டிருக்கும் கி.மீ. வரை காத்திருக்க வேண்டாம்.

சுத்தம் செய்வதில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. பஞ்சர் கடை கம்ப்ரஸரை முழு வேகத்தில் காகிதத்தில் அடிப்பது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அதன் வழியே மணல் உள்ளே போய் சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்க்கும். தூரத்தில் பிடித்து, குறைந்த காற்றில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். இரண்டு தடவை அடித்தாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். டர்போ உள்ள வண்டியில் ரப்பர் ஹோஸ்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். கிளிப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தால், லோடில் 'உஸ்' சத்தம் கேட்டால், அங்கே காற்று வெளியேறுகிறது.

டீசல் வருகிற வழி, நோசில், பம்ப்

இரவு நிறுத்தும்போது இன்ஜினுக்கும் டேங்குக்கும் கீழே பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே என்று பாருங்கள். நோசில்களுக்கு நடுவே ஓடும் ரிட்டர்ன் ஹோஸ் பழசானால் வெடித்துக் கசியும். விலை ரொம்பக் குறைவு, மாற்றச் சோம்பல்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் புகை, குறைந்த மைலேஜ் தொடர்ந்தால், அப்போது நோசில் கடை. புகையின் நிறம் வழி சொல்லும். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டைமிங்கையும் கம்ப்ரஷனையும் சந்தேகப்படுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. மாற்றுவதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நல்ல நோசில் பனி மாதிரித் தூவி வெட்டென்று நிற்கும். கெட்டது மூக்கு ஒழுகுவது போல நுனியில் சொட்டும். சொட்டுவதை மட்டும் மாற்றினால் போதும். நான் பார்க்காமலே நாலையும் மாற்றியவன்.

வண்டியிலேயே பைப்பைத் தளர்த்திப் பார்ப்பதை வீட்டில் செய்ய வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கை போய்விடும் அளவுக்கு ஆபத்து. கம்ப்யூட்டர் டீசலைத் தூவவிடும் காமன் ரெயில் வண்டியில் அந்தப் பேச்சே கூடாது. அதற்கு ஸ்கேனர், ரிட்டர்ன் அளவு பார்க்கும் சோதனை இருக்கிறது.

"பம்பில் டீசலைக் குறைத்து வைக்கிறேன், மைலேஜ் வரும்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். அவர் குறைப்பது உச்ச அளவை. வண்டிக்கு இழுவை போகும், நீங்கள் மூன்றாவது கியரில் கூடுதல் தூரம் மிதிப்பீர்கள், கணக்கு அங்கேயே வந்து நிற்கும். டேங்கில் போடும் மாத்திரை, பைப்பில் கட்டும் காந்தம், மண்ணெண்ணெய்க் கலப்பு எல்லாம் அந்த ரகம்தான். மண்ணெண்ணெய் பம்பையும் சேர்த்துத் தின்றுவிடும், ஏனென்றால் பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான்.

இன்ஜின் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைக் கையேட்டு அளவில் வைக்கச் சொல்லுங்கள். ஆயில் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு மட்டும். பழைய இன்ஜின் என்று கெட்டி ஆயில் ஊற்றுவது புகையைக் கொஞ்சம் மறைக்கும், டீசலைக் கூட்டும்.

லோடும் காலும்

ஒருநாள் என் வண்டியின் பின்பக்கத்தைக் காலி செய்து பார்த்தேன். ஈரத் தார்ப்பாய் இரண்டு, கயிற்றுச் சுருள், யாரோ வைத்துவிட்டுப் போன கருங்கல் துண்டுகள், உடைந்த மீன் பெட்டிகள், அறுந்த பட்டை ஒன்று. ஒரு ஆளை எந்நேரமும் ஓசியில் ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள், படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் காற்றை வாரிப் பிடிக்கும். பின் கதவை இறக்கி ஓட்டினால் மைலேஜ் வரும் என்பார்கள். வராது, கதவு மூடியே இருக்கட்டும்.

வேகத்துக்கு வருவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-இல் இருப்பதைவிட 80-இல் அது ஏறத்தாழ 1.8 மடங்கு. பிக்கப்பின் மூஞ்சி வேறு சுவர் மாதிரி. கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கி.மீ. என்று வையுங்கள். நிற்காமல் 60-இல் போனால் 45 நிமிஷம், 80-இல் 34. மிச்சம் 11 நிமிஷம், அதுவும் வழியில் எந்த ஊரிலும் மாட்டாமல் போனால். பிசிஆர்ஏ என்கிற மத்திய அரசின் எரிபொருள் சேமிப்பு அமைப்பு சொல்லும் வேகம் 45-இலிருந்து 55. லோடோடு 55, 60-இல் நிற்பது எனக்குக் கட்டுப்படியாகிறது.

கியரை இழுத்து இழுத்து இரையவிட்டு மாற்றாதீர்கள். அதே நேரம், மேல் கியரில் வண்டி குலுங்கித் திணறும்படியும் விடாதீர்கள். கேப்பர் மலை இறக்கத்தில் நியூட்ரல் அடிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் எடுக்கும், இன்ஜின் பிடிப்பும் போய்விடும். மிச்சமும் இல்லை, பத்திரமும் இல்லை. இன்ஜினையே அணைத்து உருட்டுவது இன்னும் மோசம், பிரேக்கை லேசாக்கும் வாக்குவம் இருக்காது.

ஏலம் முடியும் வரை இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கும் பழக்கம் துறைமுகத்தில் உண்டு. செல்ஃப் வீக்காக இருப்பதால் அணைக்கப் பயம். பேட்டரியைச் சரி செய்துவிட்டு அணையுங்கள். சும்மா நிற்கிற இந்த அளவு டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். டர்போ வண்டியாக இருந்து லோடு இழுத்து வந்திருந்தால் மட்டும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் நல்லது. புதுச்சேரி நடை என்றால் மரப்பாலம் நெரிசலுக்கு முன் விடியலிலேயே உள்ளே போய்விடுங்கள்.

முள்ளோடை கணக்கு

புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. முள்ளோடையில் எல்லையைத் தாண்டியதுமே பங்க் வரிசை. அந்த வழியாக நடை இருந்தால் அங்கே நிரப்புவதுதான் புத்தி. டீசல் போடுவதற்கென்றே போவதானால் கணக்குப் பாருங்கள். போக வர 20 கி.மீ., மைலேஜ் 10 என்றால் 2 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 180 ரூபாய். வித்தியாசம் 5 ரூபாய் என்று வைத்தால் 36 லிட்டர் போட்டால்தான் போன செலவே திரும்பும். டேங்க் காலியாக இருந்தால் சரி, பாதி டேங்கோடு போனால் ஊர்வலம்தான்.

இன்ஜின் வேலை செய்யலாமா

எல்லாம் செய்தும் ஏறவில்லை, நீலப் புகை, ஆயில் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் இன்ஜினைப் பிரித்துச் செய்யும் வேலைதான். ஆனால் மைலேஜுக்காக மட்டும் அதில் இறங்கும் முன் ஒரு காகிதத்தை எடுங்கள். நாளுக்கு 100 கி.மீ., மாதம் 25 நாள். 9.5 கொடுக்கும் வண்டி 11.5 கொடுத்தால் நாளுக்கு 1.8 லிட்டர், மாதம் 45 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்றால் சுமார் 4,000 ரூபாய். மெக்கானிக் எழுபதாயிரம் சொன்னால் ஒன்றரை வருடம் ஓட்டினால்தான் அந்தக் காசு திரும்பும். அதற்குள் வண்டியை விற்கப்போகிறவர் ஆயிலை ஊற்றி ஓட்டலாம். வண்டியை வைத்துக்கொள்கிறவர் செய்யலாம்.

நான் இன்னும் செய்யவில்லை. பிரேக், வால்வு, ரேடியேட்டர், ஃபில்டர் இதோடு நிறுத்திக்கொண்டேன். போன மூன்று டேங்க்: 11.3, 11.1, 11.4. நடுவில் உள்ளதற்குப் பக்கத்தில் 'பலா, முழு லோடு, மேல் காத்து' என்று எழுதியிருக்கிறது.